பாவியைக் கடவுள் நிஜமாகவே மன்னிக்கிறாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுள் எல்லாப் பாவிகளையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் நேசிக்கிறார், மன்னிக்கிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர்நாடி. பிரசங்கத்தில் கேட்கும்போது தலையாட்டிவிடுவோம். வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் ஒவ்வொரு கேள்வியாக முளைக்கும். வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். சபைக்குச் சபை பதில் மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

நிபந்தனையில்லாத அன்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ரோமர் 5:8: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." நாம் திருந்திய பிறகு என்று அங்கே இல்லை. இதை எழுதிய பவுல் யார்? இயேசுவை விசுவாசித்ததற்காக ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்கள் கழற்றிவைத்த மேலாடைகள் இவருடைய காலடியில்தான் கிடந்தன. தன் கதையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்.

இன்னும் தெளிவாகப் பார்க்க லூக்கா 15-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். கெட்ட குமாரன் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் அதை உன்னிப்பாக வாசிப்பதில்லை. அப்பா உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போகிறான் இளையவன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, யூதன் தொடவே கூசுகிற பன்றிகளை மேய்த்து, அவை தின்கிற தவிட்டுக்கு ஏங்குகிறான். அவன் வீடு திரும்பக் காரணம் பெரிய மனவருத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கதையில் இருப்பது பசி. "என் அப்பாவின் கூலிக்காரர்களுக்கு எவ்வளவு சாப்பாடு இருக்கிறது, நான் இங்கே பட்டினி கிடந்து சாகிறேனே" என்பதுதான் அவன் கணக்கு. போகும்போதே பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான். அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம்முடைய மகன் எனப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்.

இப்போது 20, 21-ஆம் வசனங்களைப் பாருங்கள். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார், ஓடுகிறார். அந்தக் காலத்து வீட்டுப் பெரியவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவது கௌரவமான காட்சி அல்ல. கட்டிக்கொண்டு முத்தமிட்ட பிறகுதான் பையன் வாயைத் திறக்கிறான். முதல் இரண்டு பகுதியையும் சொல்கிறான். மூன்றாவது வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைப் பார்த்து உயர்ந்த வஸ்திரம், மோதிரம், செருப்பு, கொழுத்த கன்று என்று உத்தரவு போட ஆரம்பித்துவிடுகிறார். கூலிக்காரனாகச் சேர்ந்து கடனைக் கழிக்கலாம் என்ற திட்டத்தை அவர் காதில் வாங்கவே இல்லை. நிபந்தனையில்லாத அன்பு என்று நாங்கள் சொல்வது அந்த விடுபட்ட வரியைத்தான்.

அப்படியானால் மனந்திரும்பவே வேண்டாமா?

வேண்டும். ஆனால் எது முந்தி, எது பிந்தி என்பதில்தான் விஷயம். எரிகோவில் சகேயு என்ற வரி வசூல்காரர் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்து இயேசுவைப் பார்க்கிறார். ரோம ஆட்சிக்காக வசூலித்து, மேலே தனக்கும் சுரண்டிக்கொண்டவர். இயேசு அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். கணக்கு வழக்கு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் சகேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

நாலு மடங்கு தந்தால் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லியிருந்தால் அது பேரம். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனுஷனால் பழைய மாதிரி இருக்க முடியவில்லை, அது மனந்திரும்புதல். யாராவது "எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, ஏமாற்றிய பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால் சகேயுவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

என்ன செய்தாலும் மன்னிப்பு உண்டு என்பது பாவம் செய்ய லைசென்ஸ் ஆகிவிடாதா?

இந்தக் கேள்வி பவுல் காலத்திலேயே வந்துவிட்டது. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6-இன் தொடக்கத்தில் அவரே கேட்டு, கூடாதே என்று அவரே பதிலும் சொல்கிறார். மன்னிப்பை இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. சனிக்கிழமை செய்வதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்காருகிறவர்களை எல்லாச் சபையும் பார்த்திருக்கிறது. அதற்காக மன்னிப்பின் அளவைக் குறைக்க வேண்டும் என்று பவுல் சொல்லவில்லை.

இந்த அன்பு எல்லாருக்குமா, தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமா?

சபைகள் கடுமையாகப் பிரிந்த இடம் இது. 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கம், கிறிஸ்துவின் மரணம் எல்லாருக்கும் போதுமான மதிப்புடையது, ஆனாலும் மீட்கும் பலனைத் தேவன் தெரிந்தெடுத்தவர்களிடத்திலேயே செய்கிறது என்றது. 18-ஆம் நூற்றாண்டில் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி இதை முழுமூச்சாக எதிர்த்தார்: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், ஏற்பதும் தள்ளுவதும் மனுஷன் கையில். கத்தோலிக்கத் திருச்சபையும் அவர் எல்லாருக்காகவும் இறந்தார் என்றே போதிக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை புதிதாக இருக்காது. குட்டியைப் பூனையே கவ்விக்கொண்டு போகிறதா, குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா என்று வைணவத்தில் தென்கலையாரும் வடகலையாரும் வாதாடியது ஏறக்குறைய இதே கேள்விதான். ஒரு பக்கம் எல்லாம் அவன் அருள். இன்னொரு பக்கம் நம் பிடிக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டு மரபுகளுக்கும் வேறு விஷயங்களில் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது, அதை நான் அழிக்கவில்லை.

எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படத் தேவன் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்கிறது 1 தீமோத்தேயு 2:4. அந்த "எல்லா"வைச் சுருக்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மன்னிக்கவே முடியாத பாவம் ஒன்று இருக்கிறதாமே?

மாற்கு 3-இல் வருகிறது: பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம். இதை வாசித்துவிட்டு, "ஒருநாள் மனதில் ஒரு கெட்ட எண்ணம் வந்தது, நான் தொலைந்தேன்" என்று ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிற இளைஞர்கள் நிறையப் பேர். எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இயேசு பிசாசு பிடித்தவர்களைக் குணமாக்குகிறார். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், கண்முன்னால் நடக்கும் நன்மையைப் பார்த்துக்கொண்டே, இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்கிறார்கள். வெளிச்சத்தை இருட்டு என்று தெரிந்தே சாதிக்கும் பிடிவாதம் அது. தற்செயலாக வந்துபோகும் எண்ணம் அல்ல. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறவர் அதைச் செய்யவில்லை என்பதே போதகர்கள் பொதுவாகச் சொல்லும் பதில். இந்தப் பயம் மாதக்கணக்கில் விடாமல் சுற்றிச் சுற்றி வந்தால் ஜெபத்தோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

வாழ்நாளெல்லாம் அக்கிரமம் செய்தவன் கடைசி நிமிஷத்தில் மன்னிப்புக் கேட்டால்? இது என்ன நியாயம்?

நியாயம் இல்லைதான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை, திருடியதைத் திருப்பித் தரக் கையும் கட்டவிழவில்லை. "இயேசுவே, என்னை நினைத்தருளும்" என்று ஒரு விண்ணப்பம். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்துவிட்டது.

திராட்சத்தோட்ட உவமையிலும் (மத்தேயு 20) விடியற்காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி. முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நாமும் முணுமுணுப்போம், ஏனென்றால் நம்மை எப்போதும் காலையிலேயே வந்தவர்கள் பட்டியலில்தான் வைத்துக்கொள்கிறோம்.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னால்தான் மன்னிப்பா?

கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் ஓர் அருட்சாதனம். பெரும் பாவங்களை வருடத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்ற ஒழுங்கு 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து வருகிறது. கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது. நேரடியாக வெளிப்படுத்தினால் அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாவார். சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆராதனைகளில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள், ஆயர் பாவமன்னிப்பைக் கூறுவார். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரே தனி அறிக்கையை ஒழித்துவிடவில்லை. 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். பெந்தெகொஸ்தே சபைகளில் நேராக ஆண்டவரிடம்தான்.

மன்னிக்கிறவர் கடவுள் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தாலும், வாய்விட்டு இன்னொரு மனுஷரிடம் சொல்வதில் ஒரு நன்மை உண்டு: நமக்கு நாமே சொல்லும்போது பூசி மெழுகுவதை அங்கே செய்ய முடியாது.

காணிக்கை, நேர்த்திக்கடன் செலுத்தினால் பாவம் கழியுமா?

கழியாது. 1517-இல் லுத்தர் 95 கருத்துகளை எழுதக் காரணமே, ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் சேர்க்க ஜெர்மனியில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றதுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் அந்த வியாபாரத்தைப் பின்னர் தடை செய்தது. நன்றியாகக் கொடுப்பது வேறு, விலையாகக் கொடுப்பது வேறு.

தற்கொலை செய்துகொண்டவருக்கு மன்னிப்பு உண்டா?

துக்க வீட்டில் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "நேரே நரகம்தான்" என்று பெற்ற தாயின் காதுபடப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் சபைகளே அப்படித்தான் நடந்துகொண்டன. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகம் இவர்களுக்கு அடக்க ஆராதனை கிடையாது என்றது. 1917-இன் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பும் தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி, கடும் மன உளைச்சலும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கையிழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்கிறது. கடைசி நொடியில் அந்த உள்ளத்துக்கும் கடவுளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து யார் சொல்ல முடியும்?

இதை வாசிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால் தயவுசெய்து இப்போதே யாரிடமாவது பேசுங்கள். தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926.

"நீங்கள் மன்னிக்காவிட்டால் உங்களுக்கும் மன்னிப்பில்லை" என்று இயேசு சொல்கிறாரே, அது நிபந்தனை இல்லையா?

சரியான பிடி. மத்தேயு 6:15 அப்படித்தான் சொல்கிறது. பரமண்டல ஜெபத்திலும் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று நாமே வாயால் சொல்லி மாட்டிக்கொள்கிறோம்.

இயேசுவே இதை ஒரு கடன் கணக்காக விளக்குகிறார் (மத்தேயு 18). ராஜாவிடம் ஒருவன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம் ஆகும். ராஜா மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன், தன்னிடம் 100 வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அதுவும் நூறு நாள் கூலி, சின்னத் தொகை இல்லை. நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் மற்றக் கணக்கைக் காட்டுகிறார்.

ராஜா முதலில் தள்ளியபோது எந்த நிபந்தனையும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் கடன் தள்ளுபடியான உலகத்தில் வாழ அவனுக்கு விருப்பமில்லை. கழுத்தைப் பிடிக்கிற பழைய உலகத்துக்கே திரும்பிப் போகிறான். கடைசியில் அந்த உலகத்தின் சட்டமே அவன்மேலும் விழுகிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவு. இதற்குமேல் இந்த வசனத்தை மென்மையாக்க முயல்வது நேர்மையாக இருக்காது.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனை "ஏழெழுபது தரம் மன்னி" என்று போதகர் சொல்கிறார். அந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமா?

வேண்டாம். மன்னிப்பது ஒன்று, மறுபடி அடி வாங்க அதே வீட்டுக்குள் போவது இன்னொன்று. பேதுரு "எத்தனை தரம் மன்னிக்கவேண்டும்" என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. எத்தனை அடி தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு அல்ல. அதே மத்தேயு 18-இல், அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால்தான், உன் சகோதரன் குற்றம் செய்தால் போய்க் கண்டி, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று ஒரு முழு ஒழுங்கு இருக்கிறது. பெண்களிடம் ஏழெழுபதை மட்டும் சொல்லி, அந்த முன்பகுதியை வாசிக்காமல் விடுகிற போதகர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181.

கொலைகாரனை மன்னித்துவிட்டால் வழக்கு என்ன ஆகும்? நீதி வேண்டாமா?

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. பாரிபாதாவில் தொழுநோயாளிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் அவர். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று மனைவி கிளாடிஸ் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மகளோடு அங்கேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான வேலையை 2004 வரை தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் போனது. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு நீதிமன்றக் கதவை மூடவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 1995-இல், ஏழைப் பழங்குடியினருக்காக உழைத்த கேரள அருட்சகோதரி ராணி மரியாவைப் பேருந்தில் குத்தி, வெளியே இழுத்துப் போட்டுக் கொன்றார் சமந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை, அவரும் அருட்சகோதரிதான், சிறைக்குப் போய் அவர் கையில் ராக்கி கட்டினார். சமந்தர் சிங் விடுதலையானதும் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கேரளாவுக்கே போனார். 2017-இல் இந்தூரில் ராணி மரியாவுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது.

இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஈஸ்டரில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே கர்தினால்தான் பின்னால் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்று அரசாங்கங்களை விடாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், உண்மையை விட்டுக்கொடுக்க முடியாது.

எல்லாரையும் நேசித்தால் நரகம் எதற்கு?

3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற இறையியலாளர், கடைசியில் எல்லாரும் கடவுளிடம் வந்து சேர்வார்கள் என்ற திசையில் யோசித்தார். அவர் பெயரோடு சேர்ந்த போதனைகள் 6-ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டன. அதே திசையில் எழுதிய நீசாவின் கிரகோரி இன்றும் புனிதராகவே மதிக்கப்படுகிறார்! பெரும்பாலான சபைகள் நரகம் உண்டு என்றே போதிக்கின்றன: நேசிப்பவர் கையைப் பிடித்து இழுக்க மாட்டார், வர மறுக்கும் உரிமையும் நமக்கு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று யாரையும், யூதாசைக்கூட, அறிவித்ததில்லை.

கடவுள் மன்னித்தாலும் சபைக்காரர்கள் மன்னிக்க மாட்டேன் என்கிறார்களே?

கெட்ட குமாரன் கதையில் அண்ணன் இதற்காகத்தான் வருகிறான். வயலிலிருந்து வந்தவன் மேளச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். "என் தம்பி" என்று அவன் வாயில் வரவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். அப்பா அவனுக்காகவும் வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயரிடமே முடிவை விட்டுவிட்டார்.

நம் ஊர்ச் சபைகளில் வாசலில் நிற்கும் அண்ணன்கள் அதிகம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்த பெண்ணுக்கும், ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கும் கடைசி பெஞ்சு. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாரையும் நேசிக்கும் கடவுளைப் பற்றிப் பாட்டுப் பாடிவிட்டு, பிணத்தைத் தனித்தனியாகப் புதைக்கிறோம். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் வசனம் எதுவும் இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஆனால் மன்னிக்கப்பட்டதாகவே தோன்றவில்லை. என்ன செய்வது?

லுத்தரும் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, ஒன்றை மறந்துவிட்டேனே என்று திரும்ப ஓடியவர். நம் இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறது 1 யோவான் 3:20. தோன்றுகிறதா இல்லையா என்பதை வைத்து அளக்காதீர்கள். ஜுரம் விட்ட பிறகும் சில நாள் உடம்பு அசதியாகத்தான் இருக்கும்.

எப்படிக் கேட்பது? எனக்கு ஜெபிக்கத் தெரியாது.

லூக்கா 18-இல் ஒரு வரி வசூல்காரன் ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." இது போதும். உங்கள் சொந்த வார்த்தையிலும் கேட்கலாம். கிறிஸ்தவராக இருந்தால்தான் கேட்கலாம் என்று எந்த விதியும் இல்லை. கேட்ட பிறகு, யாருக்காவது பணமோ ஒரு வார்த்தையோ பாக்கி இருந்தால் நேரில் போய்க் கொடுத்துவிடுங்கள். நேரில் போனால் அவருக்குப் புதிதாகத் துன்பம் வரும் என்ற நிலை இருந்தால் மட்டும், முதலில் விவரம் தெரிந்த ஒரு மூத்தவரிடம் கலந்து பேசுங்கள்.